ரேந்தைக்காரியின் கண்ணாடி

“எனக்க திண்டில இவ கை வச்சத நான் கண்ணால பாத்தேன் அம்மா!”

பூங்கனி போட்ட சத்தத்தில் ரேந்தைக் கூடமே அடங்கிவிட்டது. வெள்ளைக்காரத் துரைசானிமார் லேஸ் என்று சொல்கிற ரேந்தையை, திண்டின் மேல் குண்டூசி குத்திப் பின்னிக்கொண்டிருந்த இருபது பெண்களும் ஜெபகனியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேற்பார்வை பார்க்கும் சத்தியபாய் அம்மாள் கேட்டாள். “ஏட்டி ஜெபகனி, மணி அடிக்கதுக்கு முன்ன வந்து அவ பின்னினத எதுக்கு அவுத்தே?”

ஜெபகனி வாயைத் திறக்கவில்லை.

“பொறாமை அம்மா, வேற என்ன? எனக்க வேலையப் பாத்து இவளுக்குப் பொறுக்கல்ல,” என்றாள் பூங்கனி.

“அப்பிடியாட்டி?”

அன்றைக்கே ஜெபகனியைத் துவைகல்லுக்கு மாற்றிவிட்டார்கள். பின்னி முடித்த ரேந்தையைச் சோப்புத் தண்ணீரில் அலசுகிற வேலை. கை வெந்துபோகும், கூலியும் பாதிதான்.

அந்தக் கல் என்றால் பூங்கனிக்கே பயம். கண் மங்குகிறது என்று சொன்ன மறுநாளே, கூடத்தில் பக்கத்துத் திண்டில் இருந்த ராஜபாய் அங்கேதான் போனாள். அதனால் பூங்கனி தன் கண்ணைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. வயது நாற்பத்திரண்டு. தூரத்துப் பனைமரம் பளிச்சென்று தெரியும்; மடியில் இருக்கும் நூல் கலங்கலாகத் தெரியும். சாயங்காலமானால் தலை வெடிக்கும். வீட்டுக்குப் போய் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுப்பாள். விடிந்தால் மறுபடியும் அதே திண்டு, அதே நூல். அலுத்துத்தான் போயிருந்தது. ஆனால் ஒரு வருஷமாக அவள் ரேந்தையில் யாரும் பிழை கண்டதில்லை. கண் போனாலும் கை போகவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை, சத்தியபாய் அம்மாள் அவள் ரேந்தையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்ன பூங்கனி இது? ஒரு சாணுக்குள்ள ஒம்பது ஓட்டை!”

“அவதான் அம்மா! மறுபடியும் வந்து...”

“அவ இந்தப் படி ஏறியே எட்டு நாளாச்சு.”

பூங்கனி அழுதுகொண்டே கண் சங்கதியைச் சொல்லிவிட்டாள். “என்னையும் கல்லுக்கு விட்டிராதீங்க அம்மா!”

“கிறுக்கி! நாப்பது கழிஞ்சா யாருக்கும் கிட்டப் பார்வை மங்கும். பூவை ஒத்தினா தெளியுமா? மிஷன் ஆஸ்பத்திரியில பரிசோதிச்சு கண்ணாடி தருவாவ. எல்லாருக்கும் நான் எழுதிக் கேக்க மாட்டேன். உனக்க கை ஒரு வருஷமா பிழை இல்லாத கை. அத விடப்பிடாது.”

கண்ணாடி வந்தது. “துரைசானி போறா!” என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வந்து திண்டின் முன் உட்கார்ந்தாள். குண்டூசித் தலைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. மனசு குளிர்ந்துவிட்டது. போன மாதங்களில் பின்னிச் சுருட்டி வைத்திருந்த பழைய ரேந்தையையும் ஆசையாக எடுத்து விரித்தாள்.

பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. நாலு விரற்கடைக்கு ஒரு இடம், அவள் பின்னியதை அவிழ்த்துத் திரும்பப் பின்னியிருந்தது. அங்கெல்லாம் நூலை இரண்டு தடவை சுற்றி இறுக்கிய சின்ன முடிச்சு. அந்தக் கூடத்தில் அப்படி முடிச்சுப் போடுகிறவள் ஒரே ஒருத்திதான்.

பூங்கனிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. எழுந்து துவைகல்லுக்கு ஓடினாள்.

ஜெபகனி நிமிர்ந்து பார்த்து, வெந்து சிவந்த கையை முந்தானையில் துடைத்தாள். “கண்ணாடி நல்லாட்டு இருக்கு அக்கா.”

“ஏட்டி பாவி, அன்னைக்கு அம்மா அத்தனை தடவை கேட்டாளே. ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி?”

“சொல்லியிருந்தா, அன்னைக்கே இந்தக் கல்லில நீங்கதானே அக்கா நின்னிருப்பிய?”