மூப்பரின் தராசு

"மன்னிப்புக் கேட்டாத்தான் கையெழுத்து. இல்லன்னா இந்த எல்சி ப்ளேன் ஏற மாட்டா. அவ்ளோதான் லா!"

சபை மூப்பர் எட்வர்ட் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். மலேசியாவின் லுக்குட் பக்கத்துத் தோட்டத்து ஜெபாலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொன்னதற்கு மின்விசிறி மட்டும் தலையாட்டியது.

இளம் போதகர் நைஜல் பயணச்சீட்டுகளை எடுத்துத் தேதியைப் பார்த்தான். நாளை மறுநாள் விமானம். மங்கோலியாவில் பத்து மாத ஊழியம், ஏழு பேர் கொண்ட குழு. பாட, பிரசங்கிக்க, கிட்டார் வாசிக்கவெல்லாம் ஆள் இருந்தது. சோறு வடிக்கத் தெரிந்தவர் எல்சி ஒருவர்தான். அவர் வராத பயிற்சி முகாமில் குழு நான்கு நாளும் பாக்கெட் மீ நூடுல்ஸைத் தின்றது. மூன்றாம் நாள் ஜெபத்தில் ரசத்துக்காகக் கண்ணீரே விட்டது.

தலைமையகம் அனுப்பிய விண்ணப்பப் பாரத்தில் ஒரு வரி இருந்தது: 'இவர் உண்மை பேசுபவர்.' அதன் கீழே மூப்பர் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற ஆறு பேருக்கும் எட்வர்ட் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டார்.

"இருபத்தஞ்சு வருஷத்துக் கதை அங்கிள். விட்டுருங்களேன்."

"நீங்க அப்ப தொட்டில்ல கெடந்தீங்க பாஸ்டர். நான் வேலை வாங்குற மண்டோரு, இவ ரப்பர்ப் பால்மரம் வெட்டுறவ. பால் நிறுக்கிற எடத்துல, அத்தனை பேரு முன்னாடி, இந்தத் தராசு பொய் சொல்லுது, தெனம் நாலு கிலோவ முழுங்குதுன்னு கத்துனா. என் பேரு என்னாச்சு?"

"என் பேரு என்னாச்சுன்னும் கேளுங்க பாஸ்டர்," என்றார் எல்சி. முன்வாசல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "மறுநாளே என்னைய மலைக்காட்டுக்கு மாத்திட்டாரு. பொய்க்காரின்னு இதே சபையில ஆறு வாரம் பிரசங்கம் வேற."

"பொய்ச்சாட்சி பாவம்னு பத்துக் கட்டளையில இருக்கு. நானா எழுதுனேன்?"

இருவருக்கும் நடுவில், முன்வாசல் உத்தரத்தில், அதே தராசு தொங்கியது. தோட்டத்தில் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது எட்வர்ட் அதை ஆபீஸில் கேட்டு வாங்கிச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். வட்ட முகம், ஒரே முள், அடியில் கொக்கி. வருடா வருடம் அறுப்பின் பண்டிகைக்குப் பலாப்பழமும் பூசணிக்காயும் அதில்தான் தொங்கும். இன்று குழுவின் பைகள் தொங்கின. ஆளுக்கு முப்பது கிலோ, அதற்கு மேல் ஒரு கைக்குட்டைகூடக் கூடாது என்று விமானக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆறு பைகளையும் முள் முப்பதில் நிற்கும்வரை திணித்து, பூட்டி, சுவரோரம் அடுக்கியாகிவிட்டது.

எஞ்சியது எல்சியின் நீலப் பை.

"ஆண்ட்டி, ஓப்பன் பண்ணுங்க. லிஸ்ட்ல டிக் பண்ணணும்," என்றாள் கிட்டார்க்காரி டான்யா.

"தொறக்க முடியாதும்மா."

"உள்ள என்னா இருக்கு?"

"சாப்பாட்டுச் சாமான்."

"ஊறுகாயா? ஆண்ட்டி, பிளீஸ், ஊறுகாய்னு சொல்லுங்க."

எட்வர்ட் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா பாஸ்டர்! பையக் காட்டவே பயப்படுறா. இவ உண்மை பேசுறவன்னு நான் எழுதிக் கொடுக்கணுமாம்!"

நைஜல் எல்சியின் பக்கம் குனிந்தான். "ஆண்ட்டி, ஒரே ஒரு சாரி. மனசுல இல்லாட்டியும் பரவால்ல."

"மனசுல இல்லாம சொன்னா அது பொய் இல்லையா பாஸ்டர்?"

நைஜல் நிமிர்ந்துகொண்டான். இறையியல் கல்லூரியில் இதை யாரும் நடத்தவில்லை.

எல்சி எழுந்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். "சரி மண்டோர். மன்னிப்புதான வேணும்? கேக்குறேன். ஆனா இந்தப் பைய நீங்க உங்க கையால நிறுக்கணும். அன்னிக்கு மாதிரியே எடையச் சத்தமா சொல்லணும். அந்தச் சத்தத்தக் காதால கேட்டுட்டு, தப்பு என் மேலன்னா மண்டி போட்டுக் கேக்குறேன்."

எட்வர்டுக்கு இருபத்தைந்து வயது குறைந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார். நைஜல் ஒரு பக்கம் தூக்கிக் கொடுக்க, பையைக் கொக்கியில் மாட்டினார். உத்தரம் முனகியது. முள் ஆடி, யோசித்து, நின்றது. பழைய ராகம் தானாக வந்தது:

"எல்சீ... இருபத்தாறு!"

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"ஆண்டவர் சந்நிதியில சொல்றேன், இருபத்தாறு! முள்ளு ஒரு இம்மி அசையல. ஆளுதான் பொய் சொல்லும், தராசு சொல்லாது. போ, இன்னும் நாலு கிலோவுக்கு எடம் இருக்கு, ஊறுகாய அடுக்கிக்க. இப்ப கேளு மன்னிப்பு!"

"தோ கேட்டுருவோம். டான்யா, இப்ப தொறம்மா."

பை இறங்கியது. டான்யா ஜிப்பை இழுத்தாள். ஊறுகாய் இல்லை. காலையில் லுக்குட் கடையில் வாங்கிய மூன்று அரிசிப் பைகள், தையல்கூடப் பிரியாமல், ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் 'பத்து கிலோ' என்று.

"பேனாவத் தொறங்க மண்டோர். பாலுல நாலு கிலோ எங்க போச்சுன்னு அன்னிக்குக் கேட்டேன், அரிசியில எங்க போச்சுன்னு இப்ப நீங்க சொல்லுங்க," என்றார் எல்சி. இதே தராசில் முப்பது முப்பதாக நிறுத்துப் பூட்டி வைத்திருந்த ஆறு பைகளையும் குழு மெல்லத் திரும்பிப் பார்த்தது.