துண்டுச்சீட்டு ஆசாமி

"மறுபடியும் வெச்சுட்டுப் போயிட்டான்யா!"

மேனேஜர் தன் மேஜை மேலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து வீசினார். எதிரே நின்ற குமாஸ்தா எடுத்துப் படித்தார்.

'சார், குளிர் அறையில் கூரை வரை அடுக்கினால் காற்று ஓடாது. மேலே இரண்டு அடியாவது விட வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசை மருந்து கெட்டுவிடும்.'

எழுதியவர் சூப்பர்வைசர். அந்த மருந்துக் கிடங்கில் பதினாறு வருஷ சர்வீஸ். மீட்டிங்கில் வாயைத் திறக்க மாட்டார். முடிந்து அரை மணியில் மேனேஜர் மேஜையில் சீட்டு இருக்கும். கிடங்கில் அவருக்குப் பேரே 'துண்டுச்சீட்டு'தான்.

"மீட்டிங்ல நான் சொன்னப்போ தலையைத் தலையை ஆட்டினானே!"

"சார், சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க." குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, 'நான் அன்னைக்கே எழுதிக் குடுத்தேன்'னு நகலை எடுத்து நீட்டுவான். எல்லாத்துக்கும் நகல் வெச்சிருப்பான். விவரமான ஆளு."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஆளைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, சொல்றதை மீட்டிங்லயே சொல்றதுக்கென்ன?"

"அத்தனை பேர் முன்னாடி உங்க பேச்சை வெட்டினா நல்லா இருக்காது சார்."

"ரொம்ப அக்கறைதான். நாளைக்குப் புதுச் சரக்கு வருது. எங்கே வைக்கிறது? உன் வீட்டு மாடியிலயா?"

"தலைமை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டா, பாதியை அடுத்த வாரம் அனுப்புவாங்க சார்."

"கேட்டா, 'இவனுக்கு இடம் பண்ணக்கூடத் துப்பில்லை'ம்பாங்க. கூரை வரைக்கும் அடுக்கு. சொன்னதைச் செய்."

"சரிங்க சார்."

செய்தார். முணுமுணுக்கவில்லை. சுமை தூக்குகிறவர்களோடு தானும் சேர்ந்து தூக்கினார். போதாததற்கு வீட்டிலிருந்து இரண்டு ஃபேன் கொண்டுவந்து, பின்வரிசைப் பக்கம் திருப்பி ஓடவிட்டார்.

"குளிர் அறைக்கு வேர்க்குதுன்னு ஃபேன் போட்ட முதல் ஆளு நீதான்யா!" என்றார் குமாஸ்தா. கிடங்கே சிரித்தது.

பன்னிரண்டாம் நாள், பின்வரிசையில் எண்பது பெட்டி கெட்டுப்போனது. ஃபேன் காற்று எட்டிய வரைக்கும் தப்பியது.

விசாரணைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். கறாரான அம்மா.

"நாளைக்குக் காலையில முடிவு சொல்லிடுவேன். யார் தப்போ, அவங்களுக்கு வேலை கிடையாது."

முதலில் மேனேஜரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் அப்போது குளிர் அறைக்குள் கெட்ட பெட்டிகளைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்படி அடுக்கினா கெடும்னு உங்களுக்கு யாருமே சொல்லலியா?"

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். பெரிய பெண்ணுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

"யாரும் சொல்லல மேடம். அடுக்குற பொறுப்பு சூப்பர்வைசரோடது."

அந்த அம்மா அப்படியே எழுதி நீட்டினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் சூப்பர்வைசர் உள்ளே போனார். பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து, நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

"வெறுங்கையோடதான் போனான் சார்," குமாஸ்தா ஓடிவந்து காதைக் கடித்தார். "நகலெல்லாம் வீட்டுல இருக்கும். காலையில கொண்டுவந்து நீட்டினான்னா, நீங்க காலி."

சாயங்காலம் மேனேஜர் சூப்பர்வைசர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது அவர் மனைவி.

"அட, வாங்க சார்! ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தா இவரே ஓடி வந்திருப்பாரே!"

"நீ சும்மா இரு." சூப்பர்வைசர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மேனேஜர் உட்காரவில்லை.

"அந்தச் சீட்டோட நகலை எங்கே வெச்சிருக்கீங்க?" முதல் தடவையாக 'ங்க' வந்தது.

"எந்த நகல் சார்?"

"கூரை வரைக்கும் அடுக்காதீங்கன்னு எழுதினீங்களே. எழுதுறதுக்கெல்லாம் நகல் வெச்சிருப்பீங்களாமே."

"நகலா?" சூப்பர்வைசருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அது எதுக்கு சார்? உங்களுக்குத் தெரியட்டும்னு எழுதினேன். உங்களை மாட்டிவிடவா எழுதினேன்?"

மேனேஜருக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே உடனே வெட்கமாகவும் இருந்தது.

"அப்போ... அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"நடந்ததைத்தான் சார். 'எழுதிக் குடுத்தேன். சாரும் படிச்சார். சரக்குக்கு வேற இடமில்லாம அடுக்கச் சொன்னார். அடுக்கினேன்'னு சொன்னேன். ஆதாரம் எங்கேன்னாங்க. இல்லைன்னேன். ஒரு மாதிரி சிரிச்சாங்க."

"ஆதாரம் இல்லாட்டி வேலை போயிடும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க சார்!" மனைவிக்குக் குரல் உடைந்தது. "இவரு என்னடான்னா நிம்மதியா வந்து சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

"போகாதுன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? அதான் சார் இருக்காரே." சூப்பர்வைசர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"'ஆதாரமெல்லாம் எதுக்கு மேடம், எங்க சாரையே கேளுங்க, உள்ளதைச் சொல்லுவார்'னு சொல்லிட்டு வந்திருக்கேன். உங்களை எப்போ சார் கூப்பிடுறாங்க?"