விட்டவள்தான் எடுக்க வேண்டும்

விளையாட்டைப் பற்றிய புத்தகங்களில், தொடரோட்டத்தின் நடுவே குச்சியை நழுவவிட்டவளுக்கு இடம் கிடையாது. வென்றவளைப் புகழவே தாள் போதுவதில்லை. இவளுக்கு யார் பக்கம் ஒதுக்குவது?

நூலாசிரியை ஒதுக்கியிருந்தாள், ஓர் அத்தியாயம் முழுவதும். பெண்கள் ஓடத் தொடங்கியதால் வீடுகள் எப்படி மாறின என்பதே அவளுடைய நூல். அதில் இந்த அத்தியாயத்துக்கு ‘கை நழுவிய வெற்றி’ என்று தலைப்பு.

நடந்தது இதுதான். தேசிய இறுதிப் போட்டியில் மூன்றாவதாக ஓடியவள் நான்காமவளிடம் குச்சியைக் கொடுத்தபோது அது கீழே விழுந்தது. மூன்றாமவள் குனிந்து எடுத்தாள். விட்டவள்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தவள் அவள், ஆகவே விட்டவளும் அவளே என்று நடுவர் எழுதினார், ஊரும் பேசியது. அணியிலிருந்து அவளை நீக்கினார்கள். நான்காமவள் அடுத்த ஆண்டே தங்கம் வென்றாள். பின்னர் பெண்களுக்கென்று ஓட்டப் பள்ளி ஒன்றையும் தொடங்கினாள்.

அந்த நான்காமவள் நூலாசிரியையின் அம்மா.

அச்சகம் நாளைக் காலையில் நூலைக் கேட்கிறது. மூன்றாமவளின் வாயிலிருந்து ஒரு சொல்லாவது வாங்காமல் அனுப்ப மனம் ஒப்பவில்லை. நூலாசிரியை, மூன்றாமவள் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் நின்றாள். கைபேசி அலறியது.

“எங்கடி இருக்க?” அம்மாதான்.

“காப்பகத்துல.”

“அவளைப் போய் எதுக்குப் பாக்குற? எழுதினது எழுதினபடி இருக்கட்டும். ஆறின புண்ணைக் கிளறாதே.”

“யாரோட புண்ணும்மா?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

உள்ளே பிள்ளைகளை அழைத்துப்போகும் நேரம். மூன்றாமவள் இப்போது அங்கே ஆயா. கைக்குழந்தை ஒன்றை அதன் தாயிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். தாய் இரண்டு கைகளாலும் பற்றிய பிறகும் பிடி தளரவில்லை. தாய் தன் பக்கம் இழுத்த பிறகுதான் ஆயாவின் விரல்கள் பிரிந்தன.

“ஆயாம்மா, இது நான் பெத்ததுதான், நம்புங்க!”

“யார் பெத்தா என்ன? நீ இழுத்தாதான் நான் விடுவேன். அந்தக் காலத்துலேருந்தே இந்தக் கைக்கு அதான் பழக்கம்.”

நூலாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குச்சியைப் பிடிக்கத் தெரியாதவளை நம்பிப் பச்சைப் பிள்ளைகளை விட்டுப் போகிறார்களே!

நூலாசிரியை, தான் இன்னாருடைய மகள் என்று சொன்னதும் ஆயாவின் முகம் வெளுத்தது.

“அவ அனுப்பினாளா?”

“போகாதேன்னாங்க.”

“சொல்லுவா.”

நூலாசிரியை அச்சுப்படியை நீட்டினாள். “நீங்கதான் குச்சியை விட்டீங்கன்னு பேர் போட்டு எழுதியிருக்கேன். மறுக்குறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

ஆயா எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள்.

“இங்க வர்ற அம்மாங்க இதைப் படிப்பாங்களா?”

“படிக்கலாம்.”

“கை நழுவுறவன்னு தெரிஞ்சா, பிள்ளையைக் குடுப்பாங்களாம்மா? எனக்கு இந்த வேலையை விட்டா வேற கதி கிடையாது.”

“அப்படின்னா மறுத்துச் சொல்லுங்க. அதையும் சேர்த்துப் போடுறேன்.”

தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது. ஆயா போய் ஆட்டிவிட்டு வந்தாள்.

“விட்டவதான் எடுக்கணும். நான் எடுத்தேன். அப்புறம் என்ன கேள்வி? இருக்குறபடியே போட்டுக்கோ.”

“உங்களால எங்க அம்மா ஒரு வருஷம் அழுதாங்க, தெரியுமா?”

“அழுதுக்கிட்டேதானே ஓடினா? ஓடினாளே, அது போதும்.”

கொழுப்பு! மனத்துக்குள் அந்தச் சொல்லை உருட்டியபடி நூலாசிரியை கையை நீட்டினாள். ஆயா அச்சுப்படியைச் சுருட்டி அவள் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள்.

தாள் வரவில்லை.

ஆயாவின் கண் தொட்டிலில் இருந்தது. விரல்கள் மட்டும் சுருளை விடாமல் பிடித்திருந்தன. நூலாசிரியை இழுத்தாள். அந்தக் கணமே அது அவள் கைக்கு வந்தது.

இழுத்தவள் இழுத்தபடியே நின்றுவிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் அம்மாவை அழைத்தாள்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு அந்தக் குச்சியை நீங்க இழுத்தீங்களா?”

“அவ சொன்னாளா?”

“அவங்க ஒண்ணும் சொல்லலை. தான்தான் விட்டதா எழுதச் சொல்றாங்க. இழுத்தீங்களா, இல்லையா?”

“இழுத்தேன். இழுத்து, ரெண்டு எட்டும் வெச்சேன். கையெல்லாம் வேர்வை, நழுவிடுச்சு. தப்பு பண்ணிட்டு வந்தா ஓட்டத்துக்கு முழுக்கு, மறு மாசமே கல்யாணம்னு தாத்தா சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். நான் குனியுறதுக்குள்ள அவ குனிஞ்சுட்டாடி.”

புத்தகம் தாமதமாகத்தான் வந்தது. அம்மா சொன்னதை அம்மாவின் பெயரிலேயே அச்சிட்டார்கள். வெளியீட்டு விழாவில் ஆயாவுக்கென்று போட்ட முன்வரிசை நாற்காலி காலியாகவே இருந்தது. ஒரு குழந்தையை அழைத்துப்போக அன்று ஆள் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆயா காப்பகத்து வாசலில் நின்றிருந்தார். இப்போதும் அவர் அங்கே ஆயாதான்.