நடுவில் நிறுத்தக் கூடாத கவசம்

“என் சட்டை எங்கடீ?”

“கத்தாதடா! அவ கவசம் சொல்றா. நடுவுல நிறுத்தக் கூடாது” என்று மாமியார் மகனை அடக்கினார்.

உள்ளே மருமகள் கண், காது, இதயம் என்று ஒவ்வோர் உறுப்பாக ராகம் போட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ‘இந்த வயசுல உனக்கென்ன படிப்பு?’ என்று அவள் புத்தகங்களைப் பரணில் ஏற்றியவன், சமஸ்கிருதத்துக்குப் பயந்து சட்டையைத் தானே தேடப் போனான்.

மாமியார் உள்ளே வந்தார்.

“ஒரு இடத்துல தப்பு. இதயத்துக்கு மெட்ஃபார்மின்னு சொன்னே. அது சர்க்கரைக்கு.”

மருமகளின் ராகம் நடுவில் நின்றது. “அத்தை… உங்களுக்கு எப்படி…?”

“தினமும் ஒன்பது மாத்திரை முழுங்கறவ நான். பின்னால நமஹ போட்டா மருந்துப் பேரு தெரியாதா? பார்மசி பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தானே இருக்கு? ஐயோ, சாக்ஸைத் தேடிக்கிட்டு வரான். சத்தமாச் சொல்லு!”