பச்சைய அமுத்தும்மா

"வாழ்நாள் முழுக்க இன்கமிங் ஃப்ரீன்றியே, யாரு வாழ்நாளு? என்னுதா, உன் கம்பெனியுதா?"

லில்லி கேட்டது, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செல்போன் கடைக்காரர் தணிகாசலத்திடம். பத்து வருஷம் பட்டுப் புடவைக் கடையில் புடவை விரித்துப் போட்டவர், செல்போனுக்கு மாறி ஒரு வருஷம்தான் ஆகிறது. பழக்க தோஷத்தில் கண்ணாடிப் பெட்டி மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு செட்டாக எடுத்து வைத்து, "இதுலயே நீலமும் கீதும்மா, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ சும்மா இரும்மா, நான் பேசறேன்" என்றான் மகன் ஜோசுவா.

ஆவடியிலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்திருந்தான். போன மாதம் கூரம் கிராமத்து வீட்டில் லில்லி தோட்டத்துக் குழாயடியில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கும் வரை கால் சுளுக்கோடு அப்படியே கிடந்தாள். விஷயம் தெரிந்து ஓடி வந்த ஜோசுவா, "தனியா இருந்தது போதும், எங்களோட வந்துடு" என்றான். அவள் மசியவில்லை. புருஷனை அடக்கம் செய்த அன்று சர்ச் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "மருமவ வூட்டுச் சோத்துக்கு நான் போவ மாட்டேன்" என்று சொன்னவள். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளும் வழக்கம் லில்லிக்குக் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவளாயிற்றே.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவன் செல்போன் வாங்கித் தருவான். அவன் கூப்பிட்டால் அவள் எடுத்துப் பேசத் தெரிந்துகொண்டால் கூரத்திலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஆவடிக்கு வந்துவிட வேண்டும்.

வாக்குக் கொடுத்துவிட்டான், சரி. ஆனால் உள்ளுக்குள் அம்மா தோற்க வேண்டும் என்றுதான் ஜோசுவாவுக்கு ஆசை. மனைவி நதியாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வீட்டில் அம்மா இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பெற்றவள் தோற்கணும் என்று நினைப்பதும் ஒரு நினைப்பா என்று வெட்கமாகவும் இருந்தது.

"டார்ச் லைட் வெச்ச செட்டு சார், ஆயிரத்து ஐந்நூறு. பட்டன் பெருசு, பெரியவங்களுக்கு அதான் தோது" என்றார் தணிகாசலம். "கார்டு, வாழ்நாள் திட்டம் வேணாம்னா மாசம் அம்பது ரூபா போட்டுக்கினா போதும்."

"அம்பதே போடுங்க. நான் கூப்பிடறதுக்கு மட்டும்தான" என்றான் ஜோசுவா.

"மெசேஜுக்கு எவ்ளோப்பா?" என்றாள் லில்லி.

ஜோசுவா சிரித்துவிட்டான். "உனக்கு எதுக்கும்மா மெசேஜு?"

"சும்மாதான் கேட்டேன். பக்கத்து வூட்டுக் காந்தா எப்பப் பாத்தாலும் மெசேஜு மெசேஜுன்னு சொல்லிக்கினு இருப்பா."

தணிகாசலம் கடை சிம்மைப் போட்டு செட்டை அவள் கையில் கொடுத்தார். ஜோசுவா தன் போனிலிருந்து கூப்பிட்டான். செட்டு அலறியது. லில்லி அதைத் தலைகீழாகக் காதில் வைத்து, "அலோ, அலோ" என்றாள். அது பாட்டுக்கு அலறி ஓய்ந்தது.

"பச்சைய அமுத்தும்மா. அமுத்திட்டுப் பேசு."

இரண்டாம் முறை சிவப்பை அமுக்கினாள். கட் ஆனது.

"அது வைக்கறதுக்கும்மா. எடுக்கறதுக்குப் பச்சை."

மூன்றாம் முறை தணிகாசலமே எட்டிப் பச்சைப் பட்டனைத் தொட்டுக் காட்டினார். லில்லியின் விரல் பச்சைக்கு மேல் வந்து நின்றது. விரல் மெல்ல நகர்ந்து போய் மறுபடி சிவப்பின் மேல் அழுத்தமாக இறங்கியது.

"கருமம், எனக்கு வர்ல" என்றாள். "இன்னா பண்றது, பேசுன பேச்சு பேச்சுதான். நாளைக்கே கூட்டிக்கினு போ. ஆனா ஒண்ணு, தெருவுல கேட்டா நீதான் சொல்லணும். நானா வர்ல, நீதான் இழுத்துக்கினு போறேன்னு."

"சொல்றேம்மா, சர்ச்சுலயும் சொல்றேன்."

ஜோசுவாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், அம்மாவை வீட்டை விட்டுக் கிளப்புகிறோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம். கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று கடைக்கு வெளியே வந்தான். முகூர்த்தப் புடவை வாங்க வந்த கூட்டம் ஒன்று வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி நின்று கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தான். அம்மா அந்தச் செட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. குனிந்து, கட்டை விரலால் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தாள். பாவம், இன்னும் பச்சையைத் தேடிக்கினு இருக்குது போல என்று நினைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் நின்று மூக்கை உறிஞ்சித் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான். நதியா எடுத்தாள்.

"நதியா, அம்மா நாளைக்கு நம்ம கூட வருது. பாவம், பச்சை எது சிவப்பு எதுன்னுகூட அதுக்குப் புடிபடல."

நதியா சிரித்தாள்.

"தெரியும்ங்க. 'மூணு வாட்டியும் அவன நம்ப வெச்சிட்டேன், நாளைக்கு வரேன், வஞ்சரம் வாங்கி வையி'ன்னு அத்தை இப்பத்தான் ஏதோ புது நம்பர்லேருந்து மெசேஜ் அனுப்புனாங்க. ஆறு மாசமா அவங்க மெசேஜ் காந்தாக்கா செல்லுலேருந்துதான் வரும்."