கை எட்டும் தூரம்

ஒற்றைக் கண்ணை மட்டும் மூட அவளுக்கு வராது. இடதை மூடினால் வலதும் கூடவே மூடிக்கொள்ளும்.

ஐம்பத்தைந்து வயதில், கேமராக் கடையில் நின்று, அதையும் ஊருக்குக் காட்ட வேண்டியதாகிவிட்டது.

"யம்மா, சும்மா ஒரு படம் எடுத்துப் பாரு. காதுகுத்து அன்னைக்குப் பிள்ளைய மடியில வச்சிட்டு நான் உக்காரணும்லா? அப்போ நீதான எடுக்கணும்" என்றாள் மகள் மங்கை.

"நான் மாட்டேன்ட்டி. வேற யாரையாவது பாரு."

கேமரா முடிவாகிவிட்டது. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததுதான், ஆனால் ஒரு கீறல் கிடையாது. லென்ஸில்தான் இழுபறி. இருக்கிற காசுக்கு இரண்டில் ஒன்றுதான். முகம் பளிச்சென்று நிற்க, பின்னால் எல்லாம் மங்கிப்போகும் ஐம்பது எம்.எம். ஒன்று. கேமராவோடு வழக்கமாகக் கொடுக்கும் சாதா ஜூம் இன்னொன்று. மங்கைக்கு ஐம்பதின் மேல்தான் கண். கடைக்கார செய்யது பாய் அதைத்தான் மாட்டிக் கொடுத்திருந்தார்.

"கண்ணு மூட வரலைன்னா என்ன? நான் பொத்துறேன்."

மங்கை எதிரே நின்றபடி கையை நீட்டி, அம்மாவின் இடது கண்ணைப் பொத்தினாள்.

அம்மாவுக்குத் திக்கென்றது.

இதே போல் எதிரே நின்று, கையை நீட்டி, ஒருவர் பொத்தியிருக்கிறார்.

மங்கை அப்போது வயிற்றில். வளைகாப்புக்காக அவள் வீட்டுக்காரர் ஒரு சிநேகிதனிடம் பாக்ஸ் கேமரா இரவல் வாங்கி வந்திருந்தார். பதினொரு படமும் அவளையே எடுத்துத் தீர்த்தார். கடைசி ஒன்று மிச்சம்.

"என்னை எடு" என்றார்.

அவளுக்குக் கண்ணை மூடத் தெரியவில்லை என்றதும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அடுப்படி வரை கேட்டது. பிறகு கை எட்டுகிற தூரத்துக்கு வந்து நின்று, இடது கண்ணைப் பொத்திவிட்டு, "இப்போ அமுக்கு" என்றார்.

அமுக்கினாள்.

ஒன்பதாம் நாள் அவர் போன பஸ் கவிழ்ந்தது.

பதினாறு முடிந்த பிறகுதான் படம் கழுவி வந்தது. ஓரத்தில் மங்கலாக ஒரு கை. நடுவில் அந்தச் சிரிப்பு. புருவத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

"பாவி, எம்புள்ள தலைய வெட்டிட்டியே" என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கேமராவில் பார்க்கும்போது நெற்றி முழுசாக இருந்தது என்று இவள் அழுதழுது சொன்னாள். யார் நம்புவார்கள்? சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே நம்பவில்லை.

அவருக்கு வேறு நல்ல படமும் கிடையாது. கல்யாணப் படத்தில் தலைப்பாகையாக உருமால் கட்டி நெற்றியை மறைத்துவிட்டார்கள்.

முப்பத்திரண்டு வருஷம். ஒரு கேமராவைக் கையால் தொடவில்லை.

"என்னம்மா, தெரியுதா?"

வலது கண்ணைத் திறந்து பார்த்தாள். மகளின் வாய், மூக்கு, கண். புருவம் வரை வந்தது.

அதற்கு மேல் இல்லை.

கேமராவை மேசையில் வைத்துவிட்டாள்.

"ஒரு எட்டு பின்னால போங்க ஆச்சி" என்றார் செய்யது பாய்.

"பின்னால போனா அவ கை எட்டாது. நான் எடுத்தா தலைய வெட்டிருவேன் பாய். அவ அப்பாவையும் அப்படித்தான் வெட்டினேன்."

சட்டம் போட்டு மாட்டிய அந்தப் பாதி முகத்தைப் பார்த்துத்தான் மங்கை வளர்ந்தாள். எடுத்தது யார் என்று கேட்டதே இல்லை.

செய்யது பாய் கேட்டார்.

"பாக்ஸ் கேமராவா ஆச்சி?"

"ஆமா."

"கிட்ட நின்னுதான எடுத்தீங்க?"

"கை எட்டுற தூரம்."

"பார்க்கும்போது நெத்தி முழுசா இருந்திருக்குமே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல நாம பார்க்குற ஓட்டை மேல இருக்கும். படம் பிடிக்கிற லென்ஸ் கீழ இருக்கும். தூரத்துல நின்னா வித்தியாசம் தெரியாது. கிட்டப் போனா நமக்கு நெத்தி தெரியும், லென்ஸுக்குத் தெரியாது. எங்க வாப்பா நெத்தியவே நான் வெட்டியிருக்கேன், போங்க! இதுல அந்த வம்பே இல்லை. உள்ள கண்ணாடி வச்சிருக்கான். லென்ஸ் பார்க்குறதத்தான் நாமளும் பார்ப்போம்."

"அப்போ யாரு எடுத்தாலும் வெட்டியிருக்குமா?"

"யாரு எடுத்தாலும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இனி யாரிடம் போய்ச் சொல்ல?

செய்யது பாய் ஐம்பதைக் கழற்றினார். சாதா ஜூமை மாட்டினார்.

"இப்போ பாருங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க. இந்த வளையத்தை மட்டும் திருப்புங்க, படம் அகலும்."

மங்கை மறுபடி வந்து எதிரே நின்றாள். கையை நீட்டினாள். இடது கண்ணைப் பொத்தினாள்.

அம்மா வளையத்தைத் திருப்பினாள்.

வாய். மூக்கு. கண். புருவம்.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

அகலமாக, நடுவில் லேசாக மேடு தட்டி, வலது ஓரம் முடி சற்றே ஏறிப்போய், முழுசாக ஒரு நெற்றி. அவர் நெற்றி.

"சிரிடி" என்றாள்.

மங்கை சிரித்தாள்.

அமுக்கினாள்.

செய்யது பாய் எந்த லென்ஸைக் கட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மங்கை பின்பக்கத் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கப் போனாள்.

அம்மா கொடுக்கவில்லை.

"இரு. நான் முதல்ல பார்த்துக்கிடுதேன்."