மணிக்காக ஒரு வாக்குமூலம்

தாமோதரன் இதுவரை கோர்ட் படி ஏறியதில்லை. இன்றுதான் முதல் நாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டு நனைந்ததே தவிர, முகம் காய்ந்தபாடில்லை.

கூண்டில் நின்றவன் எத்திராஜ். தாமோதரனின் விசைப்படகில் வலை இழுக்கிறவன். அவன்மேல் இருக்கும் குற்றத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று தாமோதரனுக்குத் தெரியும், வக்கீல் தேவப்பிரியத்துக்கும் தெரியும். மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். போன வாரம், திருவொற்றியூர் மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருந்த கஜேந்திரனின் புதுப் படகு, ராத்திரியோடு ராத்திரியாக மிதந்துபோய்ப் பாறையில் மோதிப் பிளந்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் தாமோதரனின் மகன் மணி, மீன் ஏலத்தில் ஊரே பார்க்க, “உன் போட்ட கடல்ல வுட்றனா இல்லியா பாரு!” என்று கஜேந்திரனிடம் எகிறியிருந்தான்.

விடியற்காலையில் ஓடி வந்து தாமோதரனை எழுப்பியதே எத்திராஜ்தான்.

“நைனா, மணி தம்பி போட்டு கட்ற எடத்தாண்டயே மட்டையாயி கெடக்குது. போலீசு வர்றதுக்குள்ள இட்டாந்துடலாம், வா.”

மணிக்கு ராத்திரி நடந்தது எதுவுமே நினைவில்லை. ஏற்றிக்கொண்ட சரக்கு அப்படி. அடுத்த மாதம் அவனுக்குக் கப்பல் வேலை காத்திருந்தது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட் பரணுக்குப் போய்விடும்.

“எம்புள்ளைக்கு வாய் மட்டுந்தான் நீளம். அவன் செஞ்சிருக்க மாட்டான்” என்றாள் மணியின் அம்மா மங்கம்மா.

“பெத்தவளுக்கு அப்டித்தான் தோணும். நீ கம்முனு இரு” என்று அடக்கினார் தாமோதரன்.

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த எத்திராஜ் தலையைச் சொறிந்தான்.

“நான் ஏத்துக்கறேன் நைனா. தம்பி கப்பலுக்குப் போவட்டும். நான் வெளில வர்ற வரைக்கும் என் வூட்ட பாத்துக்க. வந்ததும் போட்டு ஓட்ற வேலய எனுக்குக் குடு, போதும்.”

தாமோதரனுக்கு அழுகையே வந்துவிட்டது. கூடப்பிறந்த தம்பிகூட இப்படிச் செய்வானா? மங்கம்மாவின் தலையில் கையை வைத்து அங்கேயே சத்தியம் செய்துகொடுத்தார். தலைக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

மிச்சத்தை வக்கீல் தேவப்பிரியம் பார்த்துக்கொண்டார். எத்திராஜை இந்தக் கோர்ட்டில் சரணடைய வைத்தார். அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சொன்னதும், மாஜிஸ்திரேட் அவனுக்கு யோசிக்க அவகாசம் கொடுத்து, இன்று வாக்குமூலம் வாங்க அழைத்திருந்தார்.

“போலீஸ்காரங்க எல்லாரும் வெளியே போங்க” என்ற மாஜிஸ்திரேட், எத்திராஜ் பக்கம் திரும்பினார். “இங்க பாருப்பா. குற்றத்த ஒத்துக்கணும்னு உனக்குக் கட்டாயமே இல்ல. ஒத்துக்கிட்டா, அதை வச்சே உனக்குத் தண்டனை கொடுக்கலாம். யாராவது மிரட்டினாங்களா? ஆசை காட்டினாங்களா?”

“இல்லம்மா. நானா மனசாரத்தான் சொல்றேன்.”

தேவப்பிரியம் திருப்தியாகத் தாடையைத் தடவிக்கொண்டார். ஒத்திகை வீண்போகவில்லை. அடுத்து, ‘ஆத்திரத்தில் மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தேன்’ என்று அவன் சொல்ல வேண்டும். கத்தி இருந்தால்தான் கேஸ் எடுப்பாக இருக்கும் என்பது வக்கீலின் கற்பனை.

ஆனால் மாஜிஸ்திரேட் ஃபைலைப் புரட்டியபடி வேறொன்று கேட்டார்.

“படகுங்கள ஒண்ணோட ஒண்ணு சேர்த்துத்தானே வரிசையா கட்டுவீங்க? நடுவுல இருந்த படகு போனா, அதுல கட்டியிருந்த பக்கத்துப் படகும் மிதந்து போயிருக்கணுமே. ஏன் போகல?”

தாமோதரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கத்துப் படகே அவருடையதுதான். இத்தனை வருஷம் கடலில் கிடந்தும் இது தோன்றாமல் போயிற்றே! வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. இப்போது எத்திராஜ் கத்தியால் அறுத்தேன் என்று வாயைத் திறந்தால் பொய் வெளுத்துவிடும். ‘யாரைக் காப்பாத்த வந்தே?’ என்று மாஜிஸ்திரேட் கேட்டுவிடுவார். மணியின் கதை முடிந்தது.

எத்திராஜ் அசரவில்லை.

“அறுக்கலம்மா, அவுத்தேன். கஜேந்திரன் போட்ட வெளில தள்ளிட்டு, அந்தப் பக்கத்துக் கவுத்தையும் இந்தப் பக்கத்துக் கவுத்தையும் இழுத்து ஒண்ணா முடிஞ்சிட்டேன். நடுவால இருந்து எந்த போட்ட எடுத்தாலும் எங்காளுங்க அப்டித்தான் செய்வோம். பக்கத்து போட்டுக்காரன் இன்னா தப்பு பண்ணான்?”

“கஜேந்திரன் மேல என்ன கோபம்?”

“எல்லார் எதிர்க்கவும் என்ன செவுள்ல வுட்டான்மா.”

அறை விழுந்த சங்கதி தாமோதரனுக்கே புதிது. என்னமாய்ப் புளுகுகிறான் பயல் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனார்.

மாஜிஸ்திரேட் போலீஸ் குறிப்பைத் திரும்பப் படித்தார். கயிறு எதுவும் அறுபடவில்லை, இரண்டு பக்கத்துக் கயிறுகளும் சேர்த்து முடியப்பட்டிருந்தன என்றுதான் அதிலும் இருந்தது. தலையசைத்துவிட்டு, வாக்குமூலத்தைப் பதிவு செய்து, எத்திராஜைக் காவலில் வைக்க உத்தரவிட்டார்.

தாமோதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் போலீஸ் வேனில் ஏறப்போனவனிடம் ஓடினார்.

“டேய் எத்திராஜு, வக்கீலு சொல்லித் தராததெல்லாம் சொல்லி அசத்திட்டியே! போலீசு வர்றதுக்கு முந்தியே போயி முடிச்சப் பாத்துவச்சிக்கினியா?”

எத்திராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“பாக்கறதாவது? அந்த இருட்டுல, அந்த அவசரத்துலயும் உன் போட்டு பூடக் கூடாதுன்னு மெனக்கெட்டு கட்டிட்டு வந்தேன் நைனா, அத்த மறந்துறாத!” என்றபடி வேனில் ஏறினான்.